ஒரு எட்டு பின்னால்

முட்டி எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டிருந்தால் நன்றாக இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்திருக்கலாம், யாருடைய முட்டியைப் பற்றி யார் கேட்டாலும் சொல்கிற பதில் அதுதானே, ஆனால் புதுக் கோச் மேடம் அப்படிக் கேட்கவில்லை, "இத்தனை வருஷமா அவ பக்கத்துல நின்னது நீதான் வெங்கடேஸ்வரி, அக்சாவால முன்ன மாதிரி திரும்பி ஓட முடியுதா இல்லையா, யோசிச்சுச் சாயங்காலம் சொல்லு" என்றார், மலையாளம் கலந்த அந்தக் குரலில் கோபமும் இல்லை ரகசியமும் இல்லை, கடையில் உப்பு இருக்கிறதா என்று விசாரிப்பது போல இருந்தது, அதுதான் வெங்கடேஸ்வரிக்குப் பிடிபடவில்லை, இப்படிக் கேட்கலாமா ஒருத்தியைப் பற்றி இன்னொருத்தியிடம்? கேட்கலாம் போலிருக்கிறது, கேட்டாயிற்று, அவளும் சரி மேடம் என்று சொல்லியாயிற்று. இப்போது ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டில், ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற பஸ்ஸில், மடியில் மாம்பழப் பையோடு உட்கார்ந்திருக்கிறாள், அக்சா அக்காவுக்குச் சப்பட்டைப் பழம் கொடுத்துவிட்டு வாரேன் என்று சோழபுரத்தில் அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தது பொய் இல்லை, பழம் இருக்கிறது, ஆனால் போவது பழம் கொடுக்கவா முட்டியைப் பார்க்கவா, பார்த்தால்தான் என்ன தெரியும், நைட்டிக்கு உள்ளே இருக்கிற முட்டியை எப்படிப் பார்ப்பது…

பஸ் கிளம்பி, மில் சுவர்களைத் தாண்டி, இடது பக்கம் மலை கூடவே வர ஆரம்பித்தது. நாலு பேர் நின்ற இடத்தில் மூன்று பேர், யோசித்தால் அவ்வளவுதான் விஷயம். கோயம்புத்தூர் கால்பந்து கிளப்புக்கு அவளும் அக்சாவும் ஸ்டாப்பர்கள், கோலுக்கு முன்னால் நடுவில் நிற்கிற இரண்டு பேர், ஓரத்துக்கு ஒருத்தியாக இன்னும் இரண்டு பேர், இப்படி நாலு பேர் நின்றும் போன சீசனில் வாங்கிய கோல்களுக்குக் குறைவில்லை, பழைய கோச் போனார், மேடம் வந்தார், வருகிற சீசன் பின்னால் மூன்று பேர்தான், ஓரத்துப் பெண்கள் மேலே ஏறி ஆடுவார்கள் என்று வந்த வாரமே சொல்லிவிட்டார். ஓரத்துப் பெண்கள் ஏறிவிட்டால் அவர்கள் விட்டுவிட்டுப் போன வெட்டவெளிக்கு யார் பொறுப்பு? அந்த மூன்று பேர். பந்து தலைக்கு மேல் போனால் சட்டென்று திரும்பி ஓட வேண்டும், அதிலும் நடுவில் நிற்பவள் எல்லோருக்கும் பின்னால் நின்று சத்தம் கொடுத்து மற்றவர்களை நிறுத்த வேண்டும், திரும்ப முடிந்தால் அந்த இடம் அக்சாவுக்கு, முடியாவிட்டால் வெங்கடேஸ்வரிக்கு. முடியாவிட்டால் அக்சாவுக்கு எந்த இடம் என்பதை மேடம் சொல்லவில்லை, ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறவளுக்கு அதைச் சொல்ல வேண்டுமா என்ன. ஆக, உண்மையைச் சொன்னால் அது அக்சாவின் இடத்துக்கு ஆசைப்பட்டுச் சொன்னது போல் ஆகும், பொய் சொன்னால்… பொய் சொன்னால் வருகிற சீசன் முழுக்க அந்த முட்டிக்குப் பின்னால் அவள் ஓட வேண்டும், முதலில் உண்மை எது என்று தெரிந்தால் அல்லவா சொல்வதற்கு.

தெரியும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். கோழிக்கோட்டில் நடந்த கடைசி ஆட்டம், மழை பெய்து ஓய்ந்த மைதானம், எதிரணிப் பெண் ஒருத்தி நடுவிலிருந்து தூக்கி அடித்த பந்து இரண்டு பேர் தலைக்கும் மேலே போகிறது, அக்சா திரும்பவில்லை, ஒரு மூச்சு விடுகிற நேரம் வலது காலை ஊன்றியபடி அப்படியே நிற்கிறாள், பிறகுதான் திரும்புகிறாள், அதற்குள் பந்து போய்விட்டது, வெங்கடேஸ்வரி துரத்தி ஓடி வழுக்கி விழுந்து வாய்க்குள் சேறு போனதுதான் மிச்சம், கோல். கிளப் அனுப்பிய வீடியோவில் அந்த இடத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள், நிற்கிற கால், திரும்பாத இடுப்பு, ஒவ்வொரு தடவையும் அதே. முட்டி போய்விட்டது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள், யாரிடமும் சொல்லவில்லை, பிசியோவிடம்கூட. சொல்லாமல் இருந்ததைப் பெரிய விசுவாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள், நான் இருக்கிறேன் அக்கா, நான் பின்னால் ஓடிக்கொள்கிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டதில் ஒரு சந்தோஷம் இருந்தது, அது என்ன சந்தோஷம்? நல்லவளாக இருக்கிற சந்தோஷமா, இல்லை பெரியவளாக இருக்கிற சந்தோஷமா… வன்னியம்பட்டி விலக்கில் பஸ் நின்றது, ஒரு கூடை ஏறியது, கூடைக்காரி அவளைக் கொஞ்சம் நகர்ந்து உட்காரச் சொன்னாள், நகர்ந்தாள்.

அக்சாவின் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், சர்ச்சுக்குப் பின்பக்கத் தெருவில். கணவன் கிளாட்வின் ராணுவத்தில் இருக்கிறான், இப்போது காஷ்மீரில், வீட்டில் அக்சாவும் மாமியார் ஞானரத்தினமும்தான். மாமியார்தான் கதவைத் திறந்தார், பழப்பையை வாங்கிக்கொண்டு, "வாம்மா, அவ மாடில துணி எடுக்கா, செத்த இரி" என்றவர், குரலைத் தாழ்த்தி, "ஒனக்குத் தெரியுமா, முன்னால தடதடன்னு ஏறுவா, இப்ப ஒவ்வொரு படியா ஊனி ஊனி ஏறுதா, கேட்டா ஒண்ணுமில்லங்கா, நீயாவது கேளு" என்றார். கேட்காமலே கிடைத்துவிட்டது பதில் என்று ஒரு நொடி நெஞ்சு இலேசானது, இலேசானதற்காக உடனே சங்கடப்பட்டாள், ஒருத்திக்கு முட்டி வலிக்கிறது என்பதில் இலேசாக என்ன இருக்கிறது. அதற்குள் அக்சா துணிக்குவியலை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மாடிப்படியில் இறங்கி வந்தாள், ஊன்றவும் இல்லை ஒன்றும் இல்லை, கடைசி இரண்டு படியைத் தாண்டியே குதித்தாள், ஒருவேளை வாசலில் என் செருப்பைப் பார்த்துவிட்டாளோ, பார்த்துவிட்டுத்தான் குதித்தாளோ? இப்படி யோசிக்கிற ஆளா நான், எப்போதிலிருந்து…

காபி வந்தது, பழம் நறுக்கி வந்தது, கிளாட்வினுக்கு லீவு கிடைக்காத கதை வந்தது. மாமியார் உள்ளே போனதும் அக்சா தட்டை நகர்த்தி வைத்தாள். "ஏட்டி, மேடம் ஒனக்குப் போன் போட்டாவளா?" என்று கேட்டாள், அவ்வளவு சாதாரணமாக. வெங்கடேஸ்வரி மாம்பழத்தை மென்று விழுங்கினாள். ஆமாம் என்று தலையாட்டினாள். "எனக்கும் போட்டாவ. ஒன்னைப் பத்தித்தான் கேட்டாவ, தலைக்கு மேல வார பந்துக்கு வெங்கி என்ன செய்வான்னு." என்னைப் பற்றியா, என்னைப் பற்றிக் கேட்க என்ன இருக்கிறது, கேட்க வேண்டியது உங்களைப் பற்றி அல்லவா என்று வாய்வரை வந்தது. "நான் என்னக்கா செய்வேன்?" என்று மட்டும் கேட்டாள்.

"நீ முன்னால ஒரு எட்டு வைப்பே," என்றாள் அக்சா. "பந்து மேல போகும், நீ கீழ விழப்போவுதுன்னு நெனச்சு முன்னால ஒரு எட்டு வச்சிட்டு, பொறவுதான் திரும்புவே. எப்பவும் இல்ல. வெளிச்சம் கம்மியா இருந்தா, மழை பெஞ்சா. நான் வந்த மொத வருஷமே பாத்துட்டேன். அதான் நான் ஒரு எட்டு பின்னால நிப்பேன், நீ முன்னால போறியா இல்ல திரும்புதியான்னு பாத்துட்டுத்தான் நான் திரும்புவேன்." அதை அவள் குற்றமாகச் சொல்லவில்லை, பக்கத்து வீட்டு மரம் இந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது போலச் சொன்னாள். வெங்கடேஸ்வரிக்குக் கோழிக்கோட்டு வீடியோ கண்ணுக்குள் ஓடியது, அந்தப் படத்தில் இன்னொரு ஆள் இருந்தாளே, அவளை நான் பார்க்கவே இல்லையே, நிறுத்தி நிறுத்திப் பார்த்ததெல்லாம் அக்சாவின் காலை, என் கால் அப்போது எங்கே இருந்தது? "ஏங்கா ஒருநாளும் சொல்லல?" என்றாள். "சொன்னா நீ காலைப் பாத்துக்கிட்டு நிப்பே, பந்தைப் பாக்க மாட்டே," என்றாள் அக்சா. இது உண்மையா, இல்லை முட்டியை மறைக்கச் சட்டென்று கட்டிய கதையா, கதை என்றால் முகம் இப்படி இருக்குமா, முகத்தை வைத்து என்ன சொல்ல முடியும், நாலு வருஷம் பக்கத்தில் நின்றவள் முகத்தை ஆட்டத்தில் எத்தனை தடவை பார்த்திருக்கிறாள், சத்தத்தை அல்லவா கேட்டிருக்கிறாள்.

"வாயேன், போட்டுப் பாப்போம்" என்று அக்சாவே எழுந்தாள். வீட்டுக்குப் பின்னால் ஒரு காலி மனை, கருவேலத்தை வெட்டிச் சுத்தம் செய்து வைத்திருந்தார்கள், வெயில் சாய்ந்து மலைப்பக்கம் மஞ்சளடித்துக் கிடந்தது. அக்சா பந்தைக் கையால் தூக்கித் தூக்கி எறிந்தாள், உயரமாக, வெங்கடேஸ்வரி திரும்பி ஓடி எடுத்துக் கொடுத்தாள், ஒன்றும் தப்பவில்லை, பார்த்தீர்களா அக்கா என்று சொல்ல நினைத்தாள். அக்சா இடம் மாறி வெயிலுக்கு முதுகு காட்டி நின்று எறிந்தாள், இப்போது வெளிச்சம் வெங்கடேஸ்வரியின் முகத்தில் அடித்தது, பந்து கறுப்பாக மேலே போனது, அவள் திரும்பினாள், திரும்பியதாகத்தான் நினைத்தாள், ஆனால் உடம்பு ஒரு எட்டு முன்னால் போயிருந்தது, மண்ணில் செருப்பின் தடம் தெளிவாக இருந்தது. தன் காலைத் தான் அப்படிப் பார்த்ததே இல்லை, யாரோ வைத்த அடி போல் இருந்தது. அந்த வெறுப்பில் பந்தை எடுத்து வந்து, "இப்ப நீங்க போங்கக்கா" என்று தூக்கி எறிந்தாள், கொஞ்சம் பலமாகவே எறிந்துவிட்டாள். அக்சா திரும்பினாள், சட்டென்றுதான் திரும்பினாள், ஓடினாள், பந்தைக் காலால் நிறுத்தினாள், நிறுத்திவிட்டுப் பக்கத்துச் சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றாள், முதுகு தெரிந்தது, முகம் தெரியவில்லை. மூச்சு வாங்கத்தான் நிற்கிறாளா? மூச்சு வாங்க இடுப்பில் அல்லவா கை வைப்பார்கள்… "வலிக்காக்கா?" என்று கேட்டாள். "வெயிலு" என்றாள் அக்சா, திரும்பாமல்.

பஸ் நிறுத்தம் வரை கூட வந்தாள் அக்சா, நிழல் பார்த்து மெதுவாக நடந்தார்கள். போன் அடித்தது, மேடம். அக்சா பெயரைப் பார்த்துவிட்டு, "பூ வாங்கிட்டு வாரேன்" என்று எதிர்ப்பக்கம் போய்விட்டாள். சொல்லு வெங்கடேஸ்வரி, யோசிச்சாச்சா என்று கேட்டார் மேடம். வெங்கடேஸ்வரி வாயைத் திறந்தபோது என்ன சொல்லப்போகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. "அக்சா அக்காவை நடுவுல போடுங்க மேடம்" என்று கேட்டது, அவள் குரல்தான். "எனக்குப் பின்னால. ஒரு எட்டு பின்னால." அப்படியென்றால் முட்டி சரியாக இருக்கிறது, திரும்புகிறாள், அப்படித்தானே என்றார் மேடம். "திரும்புறாங்க மேடம், பார்த்தேன்." பார்த்தது உண்மை, சுவரையும் பார்த்தாள், அதை யாரும் கேட்கவில்லை. நல்லது என்று மேடம் போனை வைத்துவிட்டார், அவ்வளவு சீக்கிரம் முடிந்துவிட்டது.

அக்சா முழம் பூவோடு வந்து, ஒரு துண்டைக் கிள்ளி அவள் தலையில் வைத்தாள், மேடம் என்ன கேட்டார் என்று கேட்கவில்லை, நீ என்ன சொன்னாய் என்றும் கேட்கவில்லை, "பஸ்ஸு வருது பாரு, ஏறு" என்றாள். நின்றுகொண்டுதான் போக வேண்டியிருந்தது, கம்பியைப் பிடித்துக்கொண்டு, வெளியே இருட்டாத மலையைப் பார்த்துக்கொண்டு. அக்சாவுக்காகச் சொன்னேனா, எனக்குப் பின்னால் ஒருத்தி வேண்டும் என்று பயந்து சொன்னேனா, என் வாயால் இதைச் சொல்ல வைக்கத்தான் அவள் அந்த ஒரு எட்டைச் சொன்னாளா, ஆனால் என் கால் போனதே, அதை அவளா நகர்த்தினாள், நான் முன்னால் வைத்தது நிஜம், அவள் சுவரைப் பிடித்ததும் நிஜம், மூன்று பேரில் இரண்டு பேர் இப்படி, மூன்றாவதாக வரப்போகிற பெண் யாரோ, பாவம், அவளிடம் இதையெல்லாம் யார் சொல்வது… கண்டக்டர் முன்னால் போகச் சொல்லி முதுகில் தட்டினார், அப்போதுதான் உறைத்தது, மேடம் அக்சாவிடம் கேட்டார்களே, தலைக்கு மேல் வருகிற பந்துக்கு வெங்கி என்ன செய்வாள் என்று, அதற்கு அக்சா மேடத்திடம் என்ன பதில் சொன்னாள்? தன்னிடம் சொன்னதையா, இல்லை வேறு எதையாவதா? அதைக் கேட்கவே இல்லை. இவ்வளவு நேரம் அங்கே இருந்துவிட்டு, காபி குடித்து, ஓடிப் பார்த்து, பூ வைத்துக்கொண்டு, அதை மட்டும் கேட்கவே இல்லை, இப்போது போன் போட்டுக் கேட்கலாம், கையில்தான் போன் இருக்கிறது, கேட்டால் அக்சா சொல்லிவிடுவாள், அவள் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும் என்றா நினைக்கிறேன், என்னைப் போலப் பாதியை விட்டுவிட்டுச் சொல்லியிருக்க வேண்டும் என்றா, எது வந்தால் நிம்மதி என்று வெங்கடேஸ்வரிக்குத் தெரியவில்லை, பஸ் ராஜபாளையத்தை நெருங்கிக்கொண்டிருந்தது, எல்லோரும் இறங்குவதற்காக எழுந்துகொண்டிருந்தார்கள்.