நண்டுக் கறிக்கு முன் ஒரு ஜெபம்

வாகீஸ்வரி டீச்சருக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை என்பது மலேசியாவின் கோலசிலாங்கூரில் பலருக்கும் தெரிந்த சங்கதி. பல் டாக்டர் ஒருவர் பேச்சுவாக்கில் “கடவுள் கொடுத்த பல்” என்று சொல்லிவிட, வாய் நிறையப் பஞ்சை வைத்துக்கொண்டே அவரோடு மல்லுக்கு நின்றவர். உயிரியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற பிறகு, வகுப்பில் மிச்சமிருந்த குரலையெல்லாம் இதற்குத்தான் செலவழித்து வந்தார்.

அப்படிப்பட்டவரின் மகள் நிருபா, கெர்லிங் ஊர்ப் புனிதனின் மகன் தீபனைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றாள்.

புனிதன் லோரி டயர் கடை வைத்திருப்பவர், ஞாயிற்றுக்கிழமைகளில் சபையில் பிரசங்கம் செய்பவர். டயர் மாற்ற வருகிறவர்களிடம், லோரியை ஜாக்கியில் ஏற்றிய பிறகுதான் நற்செய்தியை ஆரம்பிப்பாராம். ஓட முடியாதல்லவா!

“அம்மா, ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பிட வர்றாங்க. ப்ளீஸ் லா, ஆர்கியு பண்ணாதீங்க” என்று நிருபா கையைப் பிடித்துக் கெஞ்சினாள். “தீபனும் அவங்க அப்பாகிட்ட ப்ராமிஸ் வாங்கிட்டான்.”

“நான் என்ன காட்டுமிராண்டியோ?” என்றார் டீச்சர். “வாற விருந்தாளியள எப்பிடி மதிக்கிறதெண்டு எனக்குத் தெரியும்.”

தெரியும் என்பதைக் காட்டவே மூன்று நாள் யூடியூபில் உட்கார்ந்து, கிறிஸ்தவர்கள் சாப்பாட்டுக்கு முன்னால் எப்படி ஜெபம் பண்ணுகிறார்கள் என்று பாடம் படித்தார். கணவர் கதிரவேலு அதைப் பார்த்துவிட்டு, பயந்துபோய், காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாசிர் பெனம்பாங் மீனவக் கிராமத்திலிருந்து பெரிய பெரிய நண்டாக வந்து இறங்கியது. முருங்கையிலை போட்டுக் கறி வைத்தார் டீச்சர். புனிதனும் அவர் மனைவி மாலாவும் தீபனும் சரியாகச் சாப்பாட்டு நேரத்துக்கு வந்தார்கள். புனிதன் உயரமான ஆள். சாமி படம் ஒன்றுகூட இல்லாத சுவர்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “வீடு நல்லா காத்தோட்டமா இருக்கு டீச்சர்” என்று மட்டும் சொன்னார்.

எல்லோரும் மேசையில் உட்கார்ந்ததும் டீச்சர் சொன்னார்: “சம்பந்தி, நீங்கள் ஜெபம் பண்ணுங்கோ.”

“ஐயையோ, வேணாங்க டீச்சர். உங்க வீடு. உங்க வழக்கப்படியே சாப்பிடுவோம்.”

“அது மரியாதை இல்லை. நீங்கள் பண்ணத்தான் வேணும்.”

“பண்ணாம இருக்கறதுதாங்க நான் உங்களுக்குக் குடுக்கற மரியாதை.”

இவர் பண்ணுங்கோ என்றார், அவர் மாட்டேன் என்றார். கறியில் ஆவி அடங்கிக்கொண்டு வந்தது. கதிரவேலுவின் கை மெல்ல நண்டுக் காலை நோக்கி நகர, டீச்சர் பாராமலே அதை ஒரு தட்டுத் தட்டினார். பிறகு கண்ணை மூடிக் கையைக் கூப்பினார்.

“அப்ப நானே பண்ணுறன்.”

நிருபாவுக்கு உயிரே போய்விட்டது.

“பரலோகத்தில் வசிக்கும் பிதா அவர்களே,” என்று டீச்சர் வகுப்புக் குரலில் தொடங்கினார். “தாங்கள் இருக்கும் பட்சத்தில், மேற்படி நண்டையும், சோறு மற்றும் அப்பளத்தையும் ஆசீர்வதித்துத் தருமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் நல்ல முடிவை எதிர்பார்க்கிறேன். நன்றி. ஆமென்.”

மாலா தலையைக் குனிந்துகொண்டாள். தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. புனிதன் உதட்டைக் கடித்தார். சிரிப்பு ஒரு பக்கம், திருத்த வேண்டும் என்ற துடிப்பு இன்னொரு பக்கம். ஆனால் கொடுத்த வாக்கு நினைவுக்கு வர, பதில் மரியாதை செய்வதே முறை என்று முடிவு கட்டினார்.

“நல்ல ஜெபங்க டீச்சர். நாங்களும் சும்மா வரல. வர்ற வழியில மலாவாத்தி மலையில வண்டிய நிப்பாட்டி, குரங்குங்களுக்குக் கச்சான் கடல குடுத்து, ஒரு கும்பிடும் போட்டுட்டுத்தான் வந்தேன்.”

“குரங்குக்கு ஏன் கும்பிடு?”

“உங்க பக்கத்துப் பெரியவங்க இல்லீங்களா? உங்க கொள்கைப்படி பாட்டன் பூட்டன் எல்லாம் அதுங்கதானே. சம்பந்தம் பேசப் போறப்ப மூத்தவங்களக் கண்டுக்காமப் போனா நல்லா இருக்காதுன்னு...”

டீச்சர் கரண்டியைக் கீழே வைத்தார். ஓய்வு பெற்ற பிறகு இப்படி ஒரு தப்பான விடையை அவர் கேட்டதே இல்லை.

“குரங்கிலயிருந்து மனுசன் வரேல்லை!”

“ஆமென்!” என்று மேசையில் அடித்தார் புனிதன். “டீச்சரே ஒத்துக்கிட்டாங்க! நானும் இததானே சபையில வாராவாரம் சொல்றேன்!”

“நான் சொன்னது அது இல்லை! எங்களுக்கும் குரங்குக்கும் பொதுவான மூதாதை ஒண்டு இருந்தது எண்டு...”

“இருந்துச்சு இல்ல? ஆதாம்!”

“அம்மா...” என்றாள் நிருபா. “அப்பா...” என்றான் தீபன். யார் காதில் விழப்போகிறது?

வாதம் மேசையை விட்டு எழுந்து வரவேற்பறைக்குப் போனது. நோவா பேழையில் கொசுவையும் ஏற்றினாரா என்று டீச்சர் கேட்டார். ஏற்றினார் என்றார் புனிதன்.

“ரெண்டே ரெண்டு கொசு கைக்குள்ள கிடந்தது. அந்த மனுசன் ஒரு அடி அடிச்சிருந்தா உலகத்தில டெங்கியே இருந்திராது!”

“கொசு விசயத்துல எனக்கும் ஆண்டவருமேல ஒரு வருத்தம் இருக்குங்க டீச்சர்” என்றார் புனிதன் மெதுவாக. “மாலா டெங்கியில கெடந்தப்ப நேராவே கேட்டேன், எதுக்கு இதப் படைச்சீருன்னு.”

“என்ன சொன்னார்?”

“ஒன்னும் சொல்லல. ஆனா அவ எந்திரிச்சி வந்துட்டா.”

“அது டாக்டர்மார் காப்பாத்தினது.”

“அவங்களுக்கும் ஸ்தோத்திரம் சொல்லிட்டுதான் வந்தேன். ஒருத்தர் சீனரு. பாவம், ஒன்னும் புரியாம ஓகே ஓகேன்னாரு.”

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் தோற்றுப்போனதாக ஆகுமோ என்று இருமலாக மாற்றினார்.

“சரிங்க, செத்தப்புறம் நீங்க எங்க போவீங்க?” என்றார் புனிதன்.

“எங்கயும் இல்லை. மண்ணுக்கு. செம்பனை மரத்துக்கு உரம்.”

“வெறும் ஒரமா? இவ்ளோ படிச்சிட்டு, இத்தன புள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக் குடுத்துட்டு வெறும் ஒரமா டீச்சர்? எனக்கு மனசு கேக்கலங்க.”

அவருக்கு உண்மையிலேயே முகம் வாடிவிட்டது. தனக்காக ஒருவர் இவ்வளவு கவலைப்பட்டு டீச்சர் கண்டதில்லை. “நல்ல உரம்தான்” என்று சமாதானம் சொன்னார்.

இவர்கள் இருவரும் மேசைக்குத் திரும்பியபோது, நண்டு ஓடுகள் ஒரு குவியலாகக் கிடந்தன. கதிரவேலுவும் மாலாவும் விரல்களைச் சூப்பியபடி நிமிர்ந்தார்கள்.

“எல்லாம் பேசி முடிச்சாச்சு” என்றார் கதிரவேலு. “ஆகஸ்டில பதிவுத் திருமணம், பிறகு மண்டபத்தில விருந்து. ஐயரும் இல்லை, பாஸ்டரும் இல்லை.”

“எங்களக் கேக்காமலா?” என்று டீச்சரும் புனிதனும் ஒரே குரலில் கத்தினார்கள். அன்றைக்கு அவர்கள் ஒத்துப்போன ஒரே இடம் அதுதான்.

புறப்படும் நேரம் வந்தது. வாசலில் நின்று புனிதன் விடைபெற்றார். விடைபெற்றுக்கொண்டே செங்கடல் எப்படிப் பிளந்தது என்று விளக்கத் தொடங்கினார். டீச்சர் காற்று, நீரோட்டம் என்று குறுக்கே புகுந்தார். மாலா கைப்பையிலிருந்து சாவியை எடுத்தாள். தீபனையும் நிருபாவையும் பின்னால் ஏற்றிக்கொண்டு, கண்ணாடியை இறக்கி, “நாங்க பாசிர் பெனம்பாங் போயி கருவாடு வாங்கிட்டு வர்றோம். நீங்க பேசி முடிங்க” என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தாள்.

கார் முனை திரும்பிய பிறகுதான் புனிதன் தெருவைப் பார்த்தார்.

“என்னங்க, விட்டுட்டுப் போயிட்டாளே!”

“நீங்கள் இன்னும் சாப்பிடவே இல்லை. நானும்தான்” என்றார் டீச்சர். “உள்ள வாங்கோ. முட்டை பொரிச்சுத் தாறன்.”

அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கும்போதே சமையலறையிலிருந்து அவர் குரல் வந்தது. “சூரியனை நாலாம் நாள்தானே படைச்சவர்? அப்ப முதல் மூண்டு நாளும் விடிஞ்சதெண்டு எதை வச்சுச் சொன்னவர்?”

புனிதன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, நாற்காலியை அடுப்பங்கரைப் பக்கமாக இழுத்துப் போட்டார்.