உள்ளதிலேயே மோசமான பிரேம்

பழைய சைக்கிள் பிரேம் வாங்கப் போகிற எவனும் நல்லதாகப் பார்த்துத்தான் எடுப்பான். செல்வநாதன் மட்டும் பஞ்சநாதன் கடைக்குப் போனது உள்ளதிலேயே மோசமான பிரேமைத் தேடி. பார்க்கிறவர்கள் கண்ணுக்கு அவனும் எல்லாரையும் போலத்தான் தேடினான். உத்தரத்தில் மாட்டியிருந்த பிரேம்களை ஒவ்வொன்றாக இறக்கினான், விரல் மடக்கித் தட்டினான், சீட் செருகுகிற குழாய்க்குள் மூக்கை வைத்து மோந்தான். நல்ல பிரேம் கைக்கு வந்தால் உதட்டைப் பிதுக்கித் திரும்ப மாட்டினான்.

"என்ன தம்பி, பொண்ணு பாக்குற மாதிரி பாக்குறே" என்று பஞ்சநாதன் சிரித்தான். செல்வநாதனும் சேர்ந்து சிரித்தான். முன்பல் மூன்று இல்லாத அந்தச் சிரிப்பைப் பார்த்தும் அந்த மனுஷனுக்கு முகம் மாறவில்லை. அந்தப் பல் போனதே அவனால்தான்.

எழுபத்தொன்பது காணும் பொங்கலுக்கு நடந்த கதை அது. வரிச்சிக்குடியில் வருஷா வருஷம் அன்றைக்குக் கால் ஊன்றாப் போட்டி நடக்கும். வேகத்துக்கு அங்கே மதிப்பில்லை. வரப்பு மேல் ஓட்ட வேண்டும், அடுக்கிய செங்கல் மேல் ஏறி இறங்க வேண்டும், கடைசியாக வாய்க்காலுக்குக் குறுக்கே போட்ட ஒற்றைத் தென்னைமரத்தைத் தாண்ட வேண்டும். எங்கேயாவது கால் தரையில் பட்டுவிட்டால் ஆட்டம் முடிந்தது. இதற்கு ஆபீஸ் போகிற சைக்கிளை எவனும் எடுத்து வரமாட்டான். மலிவாக ஒரு பழைய பிரேமை வாங்கி, மட்கார்டு, செயின் கவர், ஸ்டாண்டு, கேரியர் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டு, இரண்டு சக்கரத்தை மாட்டிக்கொண்டு வருவார்கள். பெரிய பிரேமைவிட இருபத்திரண்டு இஞ்சுப் பிரேம்தான் தோது. உயரம் குறைந்தால் உடம்பை வளைக்க இடம் கிடைக்கும்.

எழுபத்தேழுவரை கோப்பை பஞ்சநாதன் வீட்டுச் சொத்தாக இருந்தது. அவன் சொந்த ஊரே வரிச்சிக்குடி. காரைக்கால் மார்க்கெட்டுக்குப் பின்னால் சைக்கிள் கடை வைத்திருந்தாலும் பொங்கலுக்கு ஊருக்குப் போய்க் கோப்பையோடு திரும்புவான். எழுபத்தெட்டில் அதைச் செல்வநாதன் தட்டிக்கொண்டு போனான். டவுன் பையன், அதுவும் மாதா கோயில் பேண்டில் கிளாரினெட் ஊதுகிறவன், வயலில் வந்து ஜெயித்துவிட்டான் என்று ஊரே பஞ்சநாதனைக் கிண்டல் பண்ணியது. கிண்டலைத் தாங்க முடியாதவன் கடை வைத்திருந்தால் என்ன செய்வான்? அடுத்த வருஷம் செல்வநாதன் பிரேம் கேட்டு வந்தபோது, பச்சை பெயிண்ட் பளபளக்க ஒன்றை எடுத்துக் கொடுத்தான்.

அது மீன் சைக்கிள். கிளிஞ்சல்மேட்டிலிருந்து மீன்கூடையைக் கேரியரில் கட்டிக்கொண்டு ஊர் ஊராக மிதிக்கிறார்களே, அவர்கள் சைக்கிளில் நாள் முழுக்க உப்புத்தண்ணீர் வடியும். வடிகிற தண்ணீர் சீட்டுக் குழாய்க்குள் இறங்கி, பெடல் அச்சு ஓடுகிற அடிக்குழாயில் தேங்கும். வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே இரும்பு அப்பளமாகிவிடும். அதனால் இந்தப் பக்கத்தில் மீன் சுமந்த சைக்கிளை எடைக்குத்தான் போடுவார்கள். பெயிண்ட் அடித்து இன்னொருவன் ஏற விற்பது மகாபாவம் என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும்.

முதல் சுற்றிலேயே, தென்னைமரத்தின் நடுவில் வைத்து, அந்தப் பச்சைப் பிரேம் இரண்டாகப் பிளந்தது. செல்வநாதன் மதகுக் கல்லில் முகம் மோதி விழுந்தான். பல் போனது, மேலுதடு கிழிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அவன் வெளியே வருவதற்குள் உடைந்த பிரேமைப் பஞ்சநாதன் எடுத்துப்போய்ப் பழைய இரும்பில் போட்டுவிட்டான். கேட்டால், பிரேம் உடைந்து இவன் விழவில்லை, இவன் விழுந்ததில்தான் பிரேம் உடைந்தது என்றான். "இரும்புக் குழாய்க்குள்ள என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தம்பி தெரியும்?" என்று நாலு பேர் முன்னால் கையை விரித்தான். ஊரும் அதை நம்பியது. அந்த வருஷக் கோப்பை அவனுக்கே போனது.

கட்டுப்பல் வைத்துக்கொண்டு கிளாரினெட் ஊதிப் பார்த்தான் செல்வநாதன். காற்று பல்லிடுக்கில் சீறியதே ஒழிய சுரம் நிற்கவில்லை. கட்டுப்பல்லைக் கழற்றிப் போட்டுவிட்டான். அந்த வருஷம் மாதா தேர்பவனியில் அவனுக்குப் பெரிய டிரம்மைக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். பத்து வருஷமாக அவன் வாசித்த இடத்தில் நேற்று வந்தவன் நின்று பிசிறு தட்ட ஊதினான். செல்வநாதன் தேர் முழுக்க டம் டம்மென்று அடித்துக்கொண்டே போனான். ஒவ்வொரு அடியும் பஞ்சநாதன் மண்டையில் விழுவதாக நினைத்துக்கொண்டால்தான் கை ஓய்ந்துவிடாமல் இருந்தது.

போலீசுக்குப் போகச் சொன்னார்கள் சிலர். மன்னித்துவிடச் சொன்னாள் மனைவி ஞானமேரி. அவன் இரண்டையும் செய்யவில்லை. அவனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. தெரிந்துதான் கொடுத்தேன் என்று பஞ்சநாதன் வாயால் சொல்ல வேண்டும், அதுவும் வரிச்சிக்குடி வாய்க்கால் கரையில், அத்தனை சனத்துக்கு முன்னால் சொல்ல வேண்டும். அதைக் கேட்காமல் செத்தால் கட்டை வேகாது என்று இருந்தான்.

அதற்கு வழி அந்தப் போட்டியிலேயே இருந்தது. கடைசிச் சுற்றுக்கு நிற்கிற இரண்டு பேரும் சைக்கிளை மாற்றிக்கொள்ள வேண்டும், அவன் வண்டியை இவன் ஓட்ட வேண்டும். மாத்து ஓட்டம் என்று அதற்குப் பெயர். எவனோ ஒருத்தன் எப்போதோ வண்டியில் ஏதோ தில்லுமுல்லு செய்து ஜெயித்ததிலிருந்து வைத்த கட்டுப்பாடு அது. போன வருஷம் பஞ்சநாதன் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. பச்சைப் பிரேம் கடைசிச் சுற்றுவரை வராது என்று அவனுக்குத் தெரியும். அப்படி ஒரு பிரேமைக் கடைசிச் சுற்றுவரை உடையாமல் ஓட்டிக்கொண்டு வந்து அவன் கையில் கொடுத்துவிட்டால்? அந்த யோசனை வந்த ராத்திரிதான் செல்வநாதன் ஒரு வருஷத்துக்குப் பிறகு நன்றாகத் தூங்கினான்.

முதல் வேலையாக, விழுந்தது தன் தப்புதான் என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்தான். அது பஞ்சநாதன் காதுக்குப் போனது. மார்கழி பிறந்ததும் கடைக்குப் போய், பயம் தெளிய வேண்டுமானால் மறுபடி ஏறித்தான் ஆக வேண்டும் அண்ணே, மலிவாக ஒரு பிரேம் பார்த்துக்கொடுங்கள் என்று குழைந்தான். பஞ்சநாதனும் அகமகிழ்ந்து, வேண்டியதைப் பார்த்து எடுத்துக்கொள்ளச் சொன்னான்.

இப்படித்தான் அந்தத் தேடல். கடைக்கோடியில், மூலையில், சிவப்புப் பெயிண்ட் அடித்த ஒரு இருபத்திரண்டு இஞ்சுப் பிரேம் சாய்ந்திருந்தது. தட்டினால் நல்ல பிரேம் கணீரென்று சொல்லும். இது பொத்தென்றது. குழாய்க்குள் மூக்கை வைத்தான். பெயிண்ட் வாசனைக்கு அடியில், கருவாட்டுக் கூடையைக் கழுவிக் கவிழ்த்த வாடை லேசாக வந்தது. செல்வநாதனுக்கு மூச்சு முட்டியது. சந்தோஷத்தில்தான்.

"இது எப்படிண்ணே? தாங்குமா?"

பஞ்சநாதன் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டுப் பார்த்தான். செல்வநாதன் காத்திருந்தான். வேண்டாம் தம்பி, வேறு எடுத்துக்கொள் என்று அந்த மனுஷன் சொல்லியிருந்தால் கதை அங்கேயே வேறு மாதிரி திரும்பியிருக்கும். உண்மையைச் சொன்னால், எங்கே சொல்லித் தொலைத்துவிடுவானோ என்றுதான் செல்வநாதன் பயந்தான்.

"தங்கமான பிரேமு தம்பி. நம்பி எடுத்துட்டுப் போ" என்றான் பஞ்சநாதன்.

பெட்டியில் ஸ்போக் கம்பிகளைத் தரம் பிரித்துக்கொண்டிருந்த அவன் மனைவி பங்கஜவல்லி தலையைத் தூக்கி, அதையா கொடுக்கிறீர்கள் என்று கேட்டாள். வேலையைப் பார் என்று ஒரு அதட்டல் விழுந்தது. அவள் குனிந்துகொண்டாள். செல்வநாதன் பிரேமைத் தோளில் போட்டுக்கொண்டு, கழுத்து வலிக்கும் என்றுகூடத் தோன்றாமல் வீடுவரை நடந்தே போனான்.

அடுத்த ஒரு மாதம் அந்தச் சைக்கிளை அவன் நோயாளியைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டான். எழுந்து நின்று மிதித்தால் அடிக்குழாயில் பாரம் விழும், அதனால் உட்கார்ந்தே மிதிக்கப் பழகினான். சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்தான். ஞானமேரி பயந்துபோய்க் கேட்டதற்கு, தவக்காலம் முன்னாலேயே வந்துவிட்டது என்று வாயை அடைத்தான்.

எண்பது காணும் பொங்கல் அன்று வாய்க்காலின் இரண்டு கரையிலும் கூட்டம். பூவத்திலிருந்தும் போலகத்திலிருந்தும்கூட வந்திருந்தார்கள். விசில் வழக்கம்போல மிராசுதார் சோமசேகரன் கழுத்தில். செல்வநாதன் சைக்கிளோடு வந்ததும் சிலர் பல்லைக் கடித்துக் காட்டிச் சிரித்தார்கள். அவன் கண்டுகொள்ளவில்லை.

முதல் சுற்றில் தென்னைமரத்தில் ஏறினான். கீழே அதே மதகுக் கல். பிரேம் கிறீச்சென்று ஒரு முனகல் முனகியது. தாங்கு, தாங்கு, உனக்கு நேர்ந்துகொள்கிறேன் என்று இரும்பிடம் கெஞ்சியபடியே தாண்டினான். இரண்டாவது சுற்றில் செங்கல்லை விட்டு இறங்கியபோது அடிக்குழாய் ஓரத்தில் பெயிண்ட் முடி அகலத்துக்கு வெடித்தது. அக்கரையில் இறங்கி யாரும் பார்க்காதபோது வரப்புச் சேற்றை எடுத்து அந்த வெடிப்பின் மேல் அப்பினான். பஞ்சநாதன் பெயிண்ட் அடித்தான், இவன் சேறு அடித்தான். அதில் செல்வநாதனுக்கு ஒரு கூச்சமும் இல்லை.

மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கால் ஊன்றி வெளியேற, கடைசியில் நின்றது அவர்கள் இரண்டு பேர்தான். மாத்து ஓட்டத்துக்கு விசில் ஊதினார் சோமசேகரன். முதலில் செல்வநாதன் பஞ்சநாதனின் சைக்கிளில் ஏறினான். அருமையான பிரேம். கடைக்காரன் தனக்கென்று வைத்துக்கொண்டது வேறு எப்படி இருக்கும்? வரப்பு, செங்கல், மரம் எல்லாவற்றையும் தெருவில் போகிற மாதிரி தாண்டினான்.

இப்போது பஞ்சநாதன் முறை. அவன் சிவப்பு சைக்கிளின் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி நின்றான். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது, இந்த வருஷம் கோப்பையைத் தம்பியே வைத்துக்கொள்ளட்டும் என்று சிரித்துப் பார்த்தான். செல்வநாதன் அதற்கும் தயாராக வந்திருந்தான்.

"அண்ணன் கடையில வாங்குன பிரேமுங்க இது. தங்கமான பிரேமுன்னு அவர் வாயால சொல்லிக் குடுத்தது. அவரே ஏற மாட்டேன்னா, நாளைக்கு நாம எல்லாம் எதை நம்பி ஏறுறது?" என்றான், எல்லார் காதிலும் விழுகிற மாதிரி.

கூட்டத்தில் பாதிப் பேர் பஞ்சநாதனின் வாடிக்கைக்காரர்கள். எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். ஏறாமல் இருக்க ஒரே ஒரு காரணம்தான் உண்டு, அதைச் சொன்னால் கடையும் போயிற்று, மானமும் போயிற்று. இங்கேதான் அவன் வாயைத் திறப்பான் என்று செல்வநாதன் கணக்குப் போட்டிருந்தான். அந்தக் கணக்கு தப்பியது. பஞ்சநாதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறிவிட்டான். சொல்வதைவிட விழுவதே மேல் என்று முடிவு செய்த மூஞ்சி அது.

செல்வநாதனைவிட அவன் கனத்த உடம்பு. வரப்பு மேல் போகும்போதே பிரேம் முனகியது. செங்கல்லில் இறங்கியபோது ஒட்டியிருந்த சேறு உதிர்ந்தது. செல்வநாதன் மதகுக் கல்லுக்குப் பக்கத்தில், தான் போன வருஷம் விழுந்த இடத்துக்கு நேரே போய் நின்றுகொண்டான். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த ஆள் இறங்கிவிடுவான். செல்வநாதன் வாயைத் திறக்கவில்லை. சொல்லாவிட்டால் விழட்டும், பல்லுக்குப் பல்லாகவே கணக்கு தீரட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

முன்சக்கரம் தென்னைமரத்தில் ஏறப்போன நேரத்தில், பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து பங்கஜவல்லி ஓடிவந்தாள். சேலை சேற்றில் இழுபட, மரத்துக்குக் குறுக்கே வந்து நின்று ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எறங்குங்க. உள்ள இத்துப்போன பிரேமு இது. மீன்காரங்க வண்டி. நாமதானே பெயிண்ட் அடிச்சோம்."

பஞ்சநாதன் கால் தரையில் பட்டது. சோமசேகரன் விசிலை வாயில் வைத்தார், ஊதாமலே எடுத்துவிட்டார். நிஜமா பஞ்சநாதா என்று கேட்டார். பஞ்சநாதன் வாய்க்காலைப் பார்த்தான்.

செல்வநாதன் பங்கஜவல்லியின் பக்கம் திரும்பினான். "போன வருஷம் எனக்குக் குடுத்ததும் தெரிஞ்சுதான் குடுத்தீங்களா அண்ணி?"

"தெரிஞ்சுதான் தம்பி" என்றாள் அவள், அவனுடைய வாயைப் பார்த்துக்கொண்டே.

கரையில் சலசலப்பு எழுந்தது. இவன் கடையில் வாங்கின சைக்கிளில்தானே என் மகள் பள்ளிக்கூடம் போகிறாள் என்று ஒருத்தன் கத்தினான். இன்னொருத்தன் காறித் துப்பினான். செல்வநாதனுக்கு வயிறு குளிர்ந்தது. ஒரு வருஷமாகக் கேட்க ஏங்கிய சொல் அது. யார் வாயிலிருந்து வந்தால் என்ன, அத்தனை சனமும் கேட்டாயிற்று. கோப்பையைச் சோமசேகரன் நீட்டியபோது வாங்கிக்கொண்டான், வேண்டாமென்று ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை.

கூட்டம் கலைய ஆரம்பித்த பிறகும் பஞ்சநாதன் அந்தத் தென்னைமரத்துப் பக்கத்திலேயே நின்றான். செல்வநாதன் தன்னைத் தாண்டிப் போகும்போது பஞ்சநாதன் கூப்பிட்டான்.

"பிரேமு கெட்டதுன்னு உனக்கும் தெரியுமில்ல தம்பி. அவ குறுக்க வரலேன்னா, மரத்துல ஏறுறதுக்கு முன்னால நீ சொல்லியிருப்பியா?"

"சொல்லியிருக்க மாட்டேண்ணே" என்றான் செல்வநாதன்.

புருஷன் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்ற பங்கஜவல்லி அப்போது நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவள் காதில் விழும் என்று தெரிந்துதான் அவன் அதைச் சொன்னான்.