பெண் கேட்க வந்தவர்

வளைகுடா நகரமான மனாமாவில், குதைபியா பகுதியில் இருந்த அண்ணன் வெங்கட்ராமன் வீட்டில் தங்கி, ஒரு கப்பல் ஏஜென்சியில் டைப்பிஸ்டாக இருந்தாள் ஷியாமளா. 1978இல் அவளுக்கு முப்பது வயது. லீவில் மதராஸ் போகும்போதெல்லாம் மயிலாப்பூர் வீட்டுக் கூடத்தில் பட்டுப்புடவை கட்டி யாராவது ஒரு குடும்பத்தின் முன் நமஸ்காரம் செய்வாள். சிலருக்கு நிறம் போதவில்லை. சிலருக்கு அவள் வேலைக்குப் போவது பிடிக்கவில்லை.

அதே ஆபீசில் ஏ.ஸி. மெக்கானிக் கார்மேகம். முதுகுளத்தூர்ப் பக்கம். தொழிலாளர் கேம்பில் எட்டுப் பேரோடு ஒரே ரூம். மத்தியான இடைவேளையில் இருவரும் பேசிக்கொண்டிருப்பார்கள். அவள் சொல்வதை அவர் குறுக்கிடாமல் கேட்பார். அப்படிக் கேட்கிறவர் அவளுக்கு வேறு யாரும் இல்லை.

ஒருநாள் அவளே கேட்டாள்: "என்னைக் கல்யாணம் பண்ணிக்கறேளா?"

கார்மேகம் பழந்துணியால் விரல்களைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "இதெல்லாம் ஆம்பள கேக்க வேண்டியதுங்க. உங்க அண்ணன்கிட்ட நானே வந்து முறையா கேக்குறேன்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் புதுச் சட்டையும் பழப்பையுமாக வந்தார். கதவைத் திறந்த மன்னி பத்மா உள்ளே திரும்பி, "ஏன்னா, ஷியாமளா ஆபீஸ் மெக்கானிக் வந்திருக்கார்" என்றாள்.

"நல்லவேளை வந்தேப்பா. பெட்ரூம் ஏ.ஸி. குளிரவே மாட்டேங்கறது" என்று வெங்கட்ராமன் ஸ்க்ரூடிரைவரை நீட்டினார்.

இப்போது சொல்லிவிடுவார் என்று ஷியாமளா சமையலறை வாசலில் நின்றாள். கார்மேகம் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஸ்டூலில் ஏறினார். வேலை முடிந்ததும் பத்மா கொடுத்த காபியை நின்றபடியே குடித்தார். "வரேன் சார்" என்று படியிறங்கிவிட்டார்.

"அண்ணா, அவர் என்னைப் பொண்ணு கேக்க வந்தார்" என்றாள் ஷியாமளா.

சிரிக்கப்போன வெங்கட்ராமன் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "வாயைத் திறந்து கேட்டானா?"

ஷியாமளா காலிக் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் ஆபீசில் கார்மேகம் தலை நிமிரவில்லை. "கேக்கத்தாங்க வந்தேன். அவரு நீட்டுனதும் கை தானா வாங்கிருச்சு."

"பொம்மனாட்டி நான், வெக்கத்தை விட்டு உங்களைக் கேட்டேனே. இன்னொரு தரம் வாங்கோளேன்."

"எத்தன தரம் வந்தாலும் அந்த வீட்டுக்கு நான் மெக்கானிக்தாங்க."

அந்த மாதமே அவர் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு, கடல் தாண்டி புஜைரா சைட்டுக்குப் போய்விட்டார்.

அடுத்த லீவில், மனைவியை இழந்த வக்கீல் ஒருவர் ஷியாமளாவைப் பார்க்க வந்தார். நல்ல மனிதர். "உங்களுக்குச் சம்மதமா?" என்று அவளையே கேட்டார்.

ஷியாமளா வாய் திறக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெங்கட்ராமன், "அவளுக்குப் பூரண சம்மதம்" என்றார்.