விளக்குக் கம்பம்

அர்ஜென்டினா உருப்படாமல் போனதற்குக் காரணம் டாங்கோ பாட்டுதான் என்பது எவரிஸ்தோ லுசேரோவின் முடிவு. அவெல்யானேதா இறைச்சி ஆலையில், எலும்பிலிருந்து கறியைப் பிரிக்கும் மேசையில் நின்றபடி அவன் அதைத் தினமும் அறிவிப்பான்.

"பாட்டுல வர்றவன் என்ன பண்றான்? பழைய தெருவுக்குப் போறான். அவ அங்க இல்ல. உடனே விளக்குக் கம்பத்தக் கட்டிக்கிட்டு அழறான். ஊரே பின்னால பாத்துக்கிட்டு நடந்தா சாக்கடையிலதான்யா விழும்!"

பக்கத்து மேசை நிக்கானோர் முனகிக்கொண்டிருந்த டாங்கோ பாட்டை நிறுத்தவில்லை. "உனக்கு வேலை இருக்கு. அந்தத் தெம்புல பேசுற."

இடைவேளையில் மாத்தே என்கிற கசப்புத் தேநீர் ஒரே சுரைக்குடுவையில் எல்லாரிடமும் சுற்றி வரும். குடித்துவிட்டுக் குடுவையைத் திருப்பித் தரும்போது 'நன்றி' என்று சொன்னால், எனக்குப் போதும், நான் கிளம்புகிறேன் என்று பொருள். எவரிஸ்தோ முதல் சுற்றிலேயே நன்றி சொல்லி எழுந்துவிடுவான்.

"ஒரு வாசலுக்கு ரெண்டு தடவை போற பழக்கம் நமக்குக் கிடையாது."

ஜூன் அங்கே குளிர்காலம்; ஒருநாள் காலை ஆலை வாசல் பூட்டிக் கிடந்தது. பழுதுபார்ப்புக்காக மூடல் என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. உள்ளே பழுது பார்க்க எவரும் போகவில்லை. நிக்கானோரை மட்டும் காவலுக்கு வைத்துக்கொண்டார்கள். பூட்டிய வாசலுக்கும் ஆள் வேண்டுமே.

பெரீசோவில் இருந்த இன்னோர் ஆலை கத்திக்காரர்களை எடுத்தது. எவரிஸ்தோ பழைய ஆலையில் பார்த்த இருபத்திரண்டு வருட வேலைக்கு அங்கே சான்றிதழ் கேட்டார்கள். ஐம்பது வயதுக்காரனைக் காகிதமில்லாமல் யாரும் சேர்ப்பதில்லை. அவன் பழைய வாசலுக்குப் போய், அலுவலக ஜன்னலைத் தட்டினான்.

"திங்கக்கெழமை வாங்க," என்றார் குமாஸ்தா.

அடுத்த திங்கள்: "மேலாளர் கையெழுத்துப் போடணும்."

அதற்கடுத்த திங்கள்: "பதிவேடெல்லாம் கப்பல்ல போயிருச்சே. லண்டனுக்கு, முதலாளிகிட்ட."

"அப்ப நான் இங்க வேலை பாத்ததுக்கு என்ன சாட்சி?"

குமாஸ்தா அவன் இடது கையைப் பார்த்தார். சுண்டுவிரல் பாதிதான் இருந்தது. "அது காகிதம் இல்லயே ஐயா," என்று ஜன்னலைச் சாத்தினார்.

வியாழக்கிழமை பெரீசோவில் ஆள் எடுத்து முடித்தார்கள்.

அடுத்த திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு எவரிஸ்தோ ஆலை வாசலில் நின்றான். சவரம் செய்திருந்தான். கக்கத்தில், துணியில் சுற்றிய கத்திகள். ஜன்னலுக்குப் பலகை அடித்திருந்தார்கள்.

"இனிமே என்னத்தக் கேக்கப் போற?" என்றான் நிக்கானோர்.

"ஒண்ணும் இல்ல. இந்தப் பக்கமா வந்தேன்."

அவன் வீடு ஊரின் மறுகோடியில். நிக்கானோர் உள்ளேயிருந்து வாசல் கம்பிகளுக்கு இடையே குடுவையை நீட்டினான். எவரிஸ்தோ குடித்தான், திருப்பிக் கொடுத்தான். இரண்டாவது வந்தது. மூன்றாவதும். நடுவில் அவன் தொண்டையிலிருந்து ஏதோ மெட்டு வந்தது. நிக்கானோர் மேசையில் முனகுவானே, அதேதான். நிக்கானோர் கெட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நான்காவது சுற்றுக்கும் எவரிஸ்தோ நன்றி சொல்லவில்லை. முதுகில் இரும்பு சில்லிட்டது. வாசலோரத்து விளக்குக் கம்பத்தில் இன்னும் நன்றாகச் சாய்ந்துகொண்டு, குடுவைக்குக் கை நீட்டினான்.