கருடசேவைக்கு யாருக்கு லீவு

ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைக் கம்பெனி ஒன்றில் ஆளை எடை போட ஒரு கம்ப்யூட்டர் பரீட்சை வைத்தார்கள். கூட்டம் பிடிக்குமா, தனிமை பிடிக்குமா என்று வளவளவென்று கேள்விகள். முடிவில் ரக்ஷிதாவுக்கு வந்தது இதுதான்: அமைதியானவர், தயங்குபவர், ஒரு வரிசை ஆட்களை நடத்தும் லைன் லீடர் வேலைக்கு ஏற்றவர் அல்ல. அந்த வேலைக்காகத்தான் அவள் இத்தனை நாளாகக் காத்துக் கிடந்தாள். வயிற்றெரிச்சல் என்னவென்றால், வாயாடி யோகேஷ் தேறிவிட்டான். ஒரு மாதம் அவனை வைத்துப் பார்க்கலாம் என்றார் மேனேஜர் பிரஹ்லாத்.

ரக்ஷிதா குடிபாலாக்காரி, அரசியல் அறிவியலில் எம்.ஏ. நீதி என்றால் என்ன என்று ஆயுசு பூராவும் யோசித்த ஒரு தத்துவஞானியைப் பற்றித்தான் ப்ராஜெக்ட் எழுதியிருந்தாள். விதி போடுகிறவன், அதில் தனக்கு எந்த இடம் விழும் என்று தெரியாமலே போட வேண்டும் என்றவர் அவர். அறைத்தோழி சுந்தரி விளையாட்டாக, அவர் என்ன பதில் சொல்லியிருப்பார் என்று இவளைக் கேட்டுக் கேட்டு அவர் பேரில் அதே பரீட்சையை எழுதினாள். அவருக்கும் மேடை என்றால் கூச்சம், பேசுமுன் ஆயிரம் யோசனை. இவளுக்கு வந்த முடிவே அவருக்கும் வந்தது.

"இன்னாடி இது, நியாயம் சொன்ன மனுசனுக்கே லீடர் வேலை கெடைக்காது போல கீதே" என்றாள் சுந்தரி. ரக்ஷிதா வாய்விட்டுச் சிரித்தாள். நெஞ்சிலிருந்த பாரம் பாதி இறங்கிவிட்டது.

அந்த வாரமே வம்பு வந்தது. திருமலையில் கருடசேவை, பெருமாள் கருடன்மேல் உலா வரும் நாள். லைனில் பாதிப் பேருக்குத்தான் லீவு. யோகேஷ் தன் கூட்டாளிகளுக்கே லீவு எழுத, மற்றவர்கள் வேலையை நிறுத்திவிட்டு எழுந்துவிட்டார்கள். ரக்ஷிதா மேனேஜரிடம் போய், ஒரே ஒரு தரம் லீவுப் பட்டியலைத் தான் போட்டுப் பார்ப்பதாகக் கேட்டாள், அவரும் சரி என்றார்.

யார் பேரையும் எழுதாமல் முதலில் விதியை எழுதினாள். அன்றைக்கு வேலை பார்ப்பவர்களுக்கு, திருவிழா முடிந்ததும் இரண்டு நாள் லீவு. அப்புறம்தான் லீவா வேலையா என்று எல்லாரையும் சீட்டு எடுக்கச் சொன்னாள். அவளுக்கே வேலைச்சீட்டு விழுந்தது. மலைக்குப் போக எவ்வளவு ஆசைப்பட்டாளோ, முகம் வாடிப்போனது. ஆனால் ஒருத்தரும் முணுமுணுக்கவில்லை. யோகேஷுக்கும் வேலைதான், அவனும் சீட்டை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குத் திரும்பினான்.

"ரெண்டு நாள் எதுக்கும்மா?" என்றார் பிரஹ்லாத்.

"வேலை யாருக்கு வுழும்னு தெரியாதே சார். எனக்கே வுழுந்தா இன்னா வேணும்னு யோசிச்சேன், அதான்."

அவர் லீவுத்தாளில் கையெழுத்துப் போட்டார். தயங்கித் தயங்கித்தான் பேசுகிறாள் என்று கம்ப்யூட்டர் சொன்னதில் தப்பில்லை, லீடர் வேலைக்கு ஆகாது என்றதுதான் தப்பு என்றார். அடுத்த மாதம் லைனை அவளே பார்க்கட்டும் என்றும் சொன்னார்.