நடைபாதைக் கட்டிலில் ஃபின்டன்

காலையில் முட்டை தின்று, அதன் ஓட்டைக் கோழிகளுக்குப் போட்டுவிட்டு வந்த ஃபின்டன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள்; வார்டில் இடமில்லாமல் இரண்டு நாளாக நடைபாதைக் கட்டிலில்தான் கிடந்தார். மகள் டிம்ப்னா கெஞ்சிக் கூத்தாடி ஒரு டாக்டரை அழைத்து வந்தாள்.

“வலி எப்படி இருக்கு, ஐயா?”

“நல்லாத்தான் இருக்கேன், டாக்டர். நீங்கதான் பாவம், ஓய்வில்லாம அலையுறீங்க.”

“அப்பா! இப்பத்தானே போர்வையைக் கடிச்சுக்கிட்டுக் கிடந்தீங்க?”

“சும்மா இரும்மா. அவருக்கு ஆயிரம் வேலை.”

டாக்டர் அப்படியே எழுதிக்கொண்டு போனார். டிம்ப்னா இன்னும் இரண்டு முறை கூட்டி வந்தாள். இரண்டு முறையும் அப்பா அதையே சொன்னார். மூன்றாம் நாள் குடல்வால் வெடித்து இறந்துபோனார்.

அயர்லாந்துச் சாவுவீடுகளின் வழக்கப்படி ஊரே வரிசையில் வந்து, அவள் கையைக் குலுக்கி, எப்படி இருக்கிறாய் என்று கேட்டது.

“நல்லாத்தான் இருக்கேன்,” என்றாள் டிம்ப்னா.