கண்ணாடியில் மாட்டிய ஹெல்மெட்

ஆதிலட்சுமியின் வீட்டில் ஒரு வழக்கம். எந்த வண்டியால் சாவு வந்ததோ, அந்த வண்டியில் இனி ஏறுவதில்லை என்று கருமாதியன்றே விளக்கின் முன் நின்று சொல்லிவிடுவார்கள். மாமனார் மாட்டு வண்டியிலிருந்து விழுந்தார், மாடுகளை விற்றார்கள். மூத்த மகன் தாம்பரத்தருகே ரயிலிலிருந்து விழுந்தான். அதோடு ரயிலும் போயிற்று. மூன்று வருடம் முன் கணவர் எல்லப்பன் பைக்கிலிருந்து விழுந்து செத்தார். இப்போது மிச்சம் பஸ் ஒன்றுதான்.

இந்த வீட்டுக்குத்தான் வேதகிரி பெண் கேட்டு வந்திருந்தான். மானாம்பதியில் பால் எடுத்து, பைக்கின் இருபக்கமும் கேன் கட்டி உத்திரமேரூருக்குக் கொண்டுவருபவன். மகள் வளர்மதிக்கும் அவனுக்கும் இரண்டு வருடப் பழக்கம்.

பைக்கை விட்டுவிடுவதாகச் சத்தியம் செய்தால் பெண்ணைத் தருகிறேன் என்றாள் ஆதிலட்சுமி. அவன் மடியில் வைத்திருந்த ஹெல்மெட்டைக் கையில் எடுத்துக்கொண்டான். பைக்தான் பிழைப்பு, பொய்ச் சத்தியம் பண்ண மாட்டேன் என்று எழுந்து வெளியே போய்விட்டான். கையைப் பிசைந்துகொண்டு நிற்க வளர்மதிக்குத் தோன்றவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, பரணிலிருந்து அப்பாவின் ஹெல்மெட்டை எடுத்தாள். அதில் ஒரு கீறல்கூட இல்லை. விபத்தன்று அவர் குலதெய்வம் கோயிலில் மொட்டை போட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்.

"தாத்தா வண்டியிலயே தூங்கிட்டாரு. அண்ணன் படியில நின்னுகினு போச்சு. நைனா, தலையில சந்தனம் கலைஞ்சிடும்னு இத்த வண்டிக் கண்ணாடியில மாட்டிக்கினு வந்தாரு. நீ இன்னாடான்னா வண்டிய மட்டும் விட்டுக்கினே வர்றம்மா."

ஆதிலட்சுமிக்குத் தெரியாததல்ல, மூன்று வருடமாக வீட்டில் யாரும் சொல்லாதது.

வளர்மதி ஹெல்மெட்டைத் தூசி தட்டித் தலையில் மாட்டினாள். தெருமுனைவரை நடந்துபோய், அங்கே நிறுத்தியிருந்த வேதகிரியின் பைக்கில் காலிக் கேன்களுக்கு நடுவே ஏறி உட்கார்ந்தாள். அவன் வண்டியைக் கிளப்பவில்லை. பின்னாலேயே வந்த ஆதிலட்சுமியைப் பார்த்தபடி நின்றான்.

அவள் மகளின் தாடைக்கடியில் விரலை விட்டுப் பார்த்தாள்.

"லூசா கீது," என்று வாரை இழுத்து இறுக்கினாள். பிறகு அவனிடம் திரும்பினாள். "நாளைக்கு உங்கம்மாவ இட்டுகினு வா. அவங்க பஸ்ல வரட்டும்."